பதினொரு மாத அறை

என் அருமை அப்பா, ஹாலிலேயே படுத்திருந்த என் அப்பாவுக்கு,

வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை. பதினைந்து வருடக் கடன், ஆறு வருடத்தில். வங்கியில் வீட்டின் அக்ரிமென்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஆமாம், ஆட்டோவில். பஸ் வந்தது, ஏறவில்லை.

இந்தச் செய்திக்காகத்தான் நீங்கள் காத்திருந்தீர்கள். ஒவ்வொரு முறை நாங்கள் கூடுதலாகக் கட்டும்போதும் கேட்பீர்கள். "இப்ப எத்தன மாசம் கொறஞ்சிருக்குட்டி?" ஐந்து என்பேன். அடுத்த முறை பதினொன்று. அதற்கடுத்து இருபது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவர் மாதிரித் தலையாட்டிக்கொள்வீர்கள்.

அலுவலகத்தில் கைதட்டினார்கள். எப்படி முடித்தாய் என்று கேட்டார்கள். போனஸைத் தொடவில்லை, வெளியே சாப்பிடவில்லை, கறி மாதத்துக்கு இரண்டு முறை, கேபிளை நிறுத்தினோம் என்று சொன்னேன். ஒருத்தி ஃபோனில் குறித்துக்கொண்டாள். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

இங்கே சொல்கிறேன். யாராவது படித்தால் படிக்கட்டும்.

*

தாராவியில் நமக்கு ஒரே அறை. அடுப்பு, படுக்கை, என் பாடப் புத்தகம், அம்மாவின் ஜெபம், எல்லாம் அதற்குள். யாராவது துணி மாற்ற வேண்டுமென்றால் ஒரு சொல் போதும். "திரும்பிக்கோ." மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். முடிந்ததும் ஒரு கனைப்பு. அவ்வளவுதான்.

நான் திரும்பும் சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் இல்லை. அம்மா சேலை கட்டி முடிக்கும் நேரத்துக்குள் அந்தக் காலண்டரில் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படித்தேன். இந்தக் கடிதத்தின் தமிழ் அந்தச் சுவரிலிருந்து வந்தது.

அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. மூன்று பேரும் திரும்புவோம். மூன்று பேருக்காகவும் மற்றவர்கள் திரும்புவார்கள்.

அம்மா போனபிறகு அந்த அறையை விற்றீர்கள். வந்த பணம் முழுவதும் இந்தச் செம்பூர் வீட்டின் டவுன் பேமென்ட் ஆனது. பழைய கட்டடம், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஒரு ஹால், ஒரு பாத்ரூம், இரண்டு படுக்கையறைகள். ஒன்று எனக்கும் உங்கள் மாப்பிள்ளை சாமுக்கும். மற்றது உங்களுக்கு. கதவைத் தொட்டுக் காட்டி, இது உங்க ரூம்பா, தாழ்ப்பாள்கூட இருக்கு என்று நான் சொன்னேன். மறக்கவில்லை.

முதல் வாரத்தில் ஒரு பகல். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டீர்கள். பத்து நிமிடம் சத்தமே இல்லை. பயந்துபோய்த் தட்டினேன். திறந்தீர்கள். உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலட்டி. சும்மா பூட்டிப் பாத்தேன்."

அப்போது உங்களுக்கு அறுபத்தேழு வயது.

அந்த அறையில் பதினொரு மாதம் இருந்தீர்கள். இந்த ஊரில் வாடகைக்கு வருபவர்களுக்குத்தான் பதினொரு மாத ஒப்பந்தம் போடுவார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் நானும் சாமும் ஃபோனில் கணக்கைத் திறந்து உட்காருவோம். பால், கரண்ட், பஸ், காணிக்கை, கடன். எதைக் குறைத்தால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். கீழே கடைசி வரியில் கடன் முடியும் தேதி இருக்கும்.

ஈரோட்டிலிருந்து வந்த ரேவதி என்ற நர்ஸ் தங்க இடம் தேடுகிறாள் என்று சபையில் ஒரு அக்கா சொல்லியிருந்தார். பெண்பிள்ளை, நைட் ட்யூட்டி, தொந்தரவு இருக்காது. சும்மா ஒரு புதிய வரி சேர்த்தேன். அறை வாடகை. அத்தனையும் அசலுக்கு. கடைசி வரியில் தேதி நான்கு வருடம் முன்னால் குதித்தது.

அது குதித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் நீங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தீர்கள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு. நான் உங்களைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தேன்.

சாம் தயங்கினார். "மாமாகிட்ட கேளு எஸ்தர். ஒரு தடவ கேட்டுட்டு விட்றாத. ரெண்டு தடவ கேளு."

நான் ஒரு தடவை கேட்டேன்.

நீங்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "என் ரூமு எத்தன மாசம்ட்டி?"

"நாலு வருஷம் குறையும்பா."

"நாலு வருசமா!" பேப்பரை மடித்து வைத்தீர்கள். "அப்ப எனக்கெதுக்குட்டி ரூமு? ஹாலுல டிவி கெடக்கு, காத்து வருது. நான் இங்ஙன கெடந்துக்கிடுதேன். கடன் முடிஞ்சதும் குடு."

எனக்கு வேண்டியிருந்த பதில் அது. அதனால் நம்பினேன். நீங்கள் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? தெரியவில்லை.

உங்கள் பீரோ நடைவழிக்கு வந்தது. கட்டில் உள்ளேயே இருந்தது, ரேவதிக்கு. உங்களுக்கு ஹாலில் கிடந்த திவான் கட்டில். ஆறு மாதம் கழித்துக் கேபிளையும் நிறுத்தினோம். டிவிக்காகத்தான் ஹால் என்று சொன்னவர், அணைந்த டிவிக்கு எதிரே மூன்று வருடம் படுத்திருந்தீர்கள்.

*

இனி பேன்ட்.

உங்கள் பேன்ட்டின் கீழ்மடிப்பு எப்போதும் நனைந்திருக்கும். ரேஷன் கடைக்குப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் இரண்டு விரற்கடை ஈரம். வயதாகிவிட்டது, கவனம் இல்லை என்று நினைத்தேன். காலையில் பேன்ட்டை மாட்டியபிறகு போய்க் கால் கழுவுகிறார் என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாட்டுங்காவில் அத்தை மகள் கல்யாணம். மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். உங்கள் நல்ல சாம்பல் நிற பேன்ட். கீழே கறுப்பாக ஈரம். தெருவெல்லாம் நடந்து அதில் புழுதியும் ஒட்டியிருந்தது.

அத்தைதான் முதலில் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மாகிம் கடல்ல எறங்கிட்டு நேரா வாறியளோ?"

"ஆமா. மீனு ஒண்ணும் மாட்டல. அதான் கறிச்சோறு திங்க வந்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஓரமாக என்று நினைத்தேன், எல்லாருக்கும் கேட்டது.

"சின்னப் பிள்ளையாப்பா நீங்க? ஒரு பேன்ட்ட ஒழுங்கா போடத் தெரியாதா? என்னைத்தான சொல்வாங்க, அப்பாவ நல்லா பாத்துக்கலன்னு."

நீங்கள் குனிந்து மடிப்பைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "காஞ்சிரும்ட்டி" என்றீர்கள்.

அப்போது நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

*

அதற்கடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் பொது வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம் இடைவெளி. வார்டு ஊழியர் ஆஸ்பத்திரி உடுப்பைக் கொண்டுவந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். மறைப்புத் தட்டி வேறு யாருடைய கட்டிலுக்கோ போயிருந்தது.

நீங்கள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னீர்கள். "கொஞ்சம் திரும்பிக்கோட்டி."

திரும்பினேன். எதிர்ச் சுவரில் மராத்தியில் ஏதோ அறிவிப்பு. எச்சில் துப்பக்கூடாது என்று. அதைப் படித்துக்கொண்டு நின்றேன். கனைப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வார்டு ஊழியர் முடிந்தது என்றார். மறுநாள் அதிகாலையில் போய்விட்டீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

*

அதன்பிறகும் ரேவதி அதே அறையில் இருந்தாள். திவானில் துவைத்த துணியைக் குவித்து வைக்க ஆரம்பித்தோம். போன மாதம் அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தத் திவானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். அங்கிள் தெனமும் பாத்ரூமுக்குள்ளதானுங்க துணி மாத்துவாரு. தரை எந்நேரமும் ஈரம். ஒத்தக் கால்ல நின்னு பேன்ட் மாட்டுவாரு போல, வாளி உருள்ற சத்தம் கேக்கும். நான் சமையக்கட்டுல நின்னுக்கறேன், என் ரூம்ல போயி மாத்துங்க அங்கிள்னு எத்தனையோ தடவ சொன்னேன். பொம்பளப்புள்ள இருக்கற ரூமு, வேண்டாம்மான்னுருவாரு."

நான் திவானில் கிடந்த ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க்கா."

அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று.

இப்போது எல்லாம் தெரிகிறது. எங்கள் அறைக்குள் நீங்கள் ஒருநாளும் வந்ததில்லை, மாப்பிள்ளை படுக்கும் அறை. ஹாலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், அவரிடம் எப்படித் திரும்பிக்கோங்க என்று சொல்வீர்கள்? தாராவியில் ஒரு சொல் இருந்தது. இங்கே அதையும் சொல்ல முடியாத வீட்டில் உங்களை வைத்திருந்தேன். உங்கள் அறையை விற்று வாங்கிய வீட்டில்.

மண்டப வாசலில் அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லாததும் புரிகிறது. சொல்லியிருந்தால், நான் என்ன செய்தேன் என்பது சொந்தக்காரர்கள் முன்னால் எனக்குத் தெரிந்துபோயிருக்கும்.

*

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

கடன் முடிந்த அன்று மாலை ஒரு புரோக்கர் ஃபோன் செய்தான். "மேடம், ரூம் காலி ஹுவா க்யா?" அறை காலியாகிவிட்டதா என்று. என் வாய் தானாகவே கேட்டது. "கித்னா தேகா?" எவ்வளவு தருவார்கள். கடன் இல்லை. தேவை இல்லை. ரேவதி சொன்னதைக் கேட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஃபோனை வைத்தேன். பழக்கம் என்றேன்.

அப்புறம் சாமின் அம்மாவைக் கூப்பிட்டேன். மான்குர்தில் சின்ன மகன் வீட்டில், ஒரே அறையில் ஐந்து பேரோடு இருக்கிறார். இங்கே ஒரு ரூம் காலியா இருக்கு, வந்து இருங்க அத்தை என்றேன்.

"எனக்கெதுக்கும்மா ரூமு? இங்ஙன பிள்ளையளோட கெடந்துக்கிடுதேன்."

அப்பா, அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சின்னதுதான். ஆனால் அதை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஹாலில் நீங்கள் பேப்பரை மடித்து வைத்த அன்று வந்த அதே நிம்மதி.

சரி அத்தை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

நேற்று அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பத்து நிமிடம். ஒன்றும் செய்யவில்லை. ஹாலில் சாம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. தட்டுவாரா என்று பார்த்தேன். தட்டவில்லை. உள்ளே இருப்பது எவ்வளவு லேசாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் மான்குர்த் போகிறேன். அத்தையிடம் இரண்டாவது தடவை கேட்பேன். மறுபடியும் எனக்கெதுக்கு என்றால் உடனே எழுந்து வந்துவிட மாட்டேன், உட்கார்ந்திருப்பேன். அவர் எங்கே துணி மாற்றுகிறார் என்று கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

உங்களிடம் ஒரு தடவை மட்டும் கேட்ட
உங்கள் மகள்,
எஸ்தர்