சகாயம் மாமா பீரோவில் முடிந்துபோன வாரண்டி

நவ. 21, வெள்ளி. மழை.

எங்க பாடகி அக்கா வர்றாங்க, அந்தமானுக்கு, எங்க ஊருக்கே, அடுத்த சனிக்கிழமை, அதுவும் அவங்க பாடறதுக்கு முன்னாடி எங்க ரசிகர் குரூப் வீடியோ மேடைத் திரையில், எடிட்டிங் நான்!!!

யூடியூப் பார்த்துக் கற்றதற்கு இது போதும், செத்தாலும் கவலையில்லை.

எல்லாத் தீவிலிருந்தும் கிளிப் வந்தாச்சு. பெஸ்ட் கட்சால் தீவு. அங்கே தோட்டத்து அக்காமார் ரப்பர் பால் வாளியைத் தட்டித் தாளம் போட்டுப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருத்தி, எங்கள் குரூப் செல்வி எடுத்தது. அங்கே நெட் சுத்தமாக இல்லை. அதனால் கப்பலில் வந்த நர்ஸ் கையில் பென்டிரைவ். காப்பி எடுத்து, காலி செய்து, அதே நர்ஸிடம் திருப்பி அனுப்பிவிட்டேன்.

லேப்டாப் திரையில் மறுபடி கோடு. ஓரத்தில் தட்டினால் போகிறது.

நவ. 22, சனி.

தட்டினேன். போகவில்லை. பிறகு லைட்டே இல்லை.

புரோத்ராபூரிலிருந்து பஸ், நனைந்துகொண்டே அபர்டீன் பஜார். சர்வீஸ் கடை இந்திக்கார பையா திறந்து பார்த்தார். போர்டு காலி. மெமரியும் அதே போர்டில் ஒட்டியதாம், தனியாகக் கழற்ற வராதாம். சென்னைக்குத்தான் அனுப்பணும், புது போர்டு போடுவார்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்.

"வாரண்டி கதம், பெஹன். போன மாசமே முடிஞ்சுது."

கோடு விழ ஆரம்பித்தது ஆகஸ்டில், அப்போது வாரண்டி இருந்தது என்றேன்.

"கம்ப்ளைண்ட் நம்பர் இருக்கா?"

இல்லை. ஏன் இல்லை? அப்பா. கூரியரை நம்பாதே, சகாயம் மெயின்லேண்ட் போறான், கையில் கொடுத்து விடலாம் என்றார். இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் அப்படித்தான் அனுப்புவோம். மாமாவுக்கு முதலில் டிக்கெட் கிடைக்கவில்லை. அப்புறம் கப்பல் ரிப்பேர். அப்புறம் புயல். என் லேப்டாப் அவர் வீட்டு பீரோவில், பெட்ஷீட் சுற்றி, பத்திரமாக. வாரண்டி அங்கேயே முடிந்தது. யாருக்கும் தெரியாது. வீடியோவுக்காக இந்த மாதம் திரும்ப வாங்கி வந்தேன்.

பெட்ஷீட்டைக் கொளுத்தணும்.

நவ. 24, திங்கள்.

கஸ்டமர் கேர். பாட்டு. பாட்டு. பாட்டு. கடைசியில் ஒரு பெண்.

"அந்தமான்னா... அது இந்தியாக்குள்ளதானங்க மேடம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கும் வசதி இல்லையாம். இருந்தாலும் அவள் அடுத்துச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"கோடு விழுந்த அன்னிக்கே ஒரு கால் பண்ணியிருந்தா வாரண்டி கணக்குல வந்திருக்கும் மேடம். பொருள் அப்புறம் வந்தாலும் பரவால்ல."

ஒரு கால்!! கப்பல் வேண்டாம், மாமா வேண்டாம், பெட்ஷீட் வேண்டாம்.

அப்பாவிடம் கத்தினேன். "போன்ல சொன்னாலே போதும்னு எனக்கென்னடி தெரியும்?" என்றார். தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் சாப்பிடவில்லை. மீன் குழம்பு வீண்.

நவ. 25, செவ்வாய். வெயில்.

மற்ற தீவுக்காரர்கள் கிளிப்பைத் திரும்ப அனுப்புகிறார்கள். கட்சால்தான் இல்லை, வெட்டி ஒட்ட லேப்டாப்பும் இல்லை. செல்வி போனில் இடமில்லை என்று அன்றே அழித்துவிட்டாளாம். மதியம் எப்படியோ லைன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழுவாத புள்ள. படம் என்னத்துக்கு? வாளியத் தூக்கிக்கிட்டு நாங்களே வாறோம். நாளைக்குக் கப்பல் இருக்கு, வெள்ளி காலைல அங்க இருப்போம்."

அதற்குள் லைன் போயிற்று.

நவ. 26, புதன்.

விழாக்காரரிடம் போனேன். வீடியோ இல்லையென்றால் நேரமும் இல்லை என்றார். நகரவில்லை நான். ஆட்களே வருகிறார்கள் என்றேன். நாலு பேர் வாளி தட்டினால் மேடையில் எடுபடாது, கூட்டமாக வந்தால் பார்க்கலாம் என்றார்.

அப்பா வாசலில் பெயின்ட் டின் கழுவிக்கொண்டிருக்கிறார். கழுவியதைக் கவிழ்த்துத் தட்டிச் சத்தம் பார்க்கிறார்.

குரூப்பில் போட்டது:

வெள்ளி காலையில் ஹேடோ ஜெட்டிக்கு எல்லாரும் வாங்க. கட்சால் கப்பல் வருது. வாளி, டின், குண்டான், தட்டுனா சத்தம் வர்ற எதுனாலும் கொண்டு வாங்க. அங்கயே ஒத்திகை. அப்புறம், வீட்டுல எது ரிப்பேர் ஆனாலும் அன்னிக்கே போன் பண்ணி கம்ப்ளைண்ட் நம்பர் வாங்குங்க, கப்பலுக்குக் காத்திருக்காதீங்க. யார் யார் வர்றீங்க? இப்பவே சொல்லுங்க.