கதவில்லாத தலைவாசல்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். தரையைத் துடைக்க அம்மாவும் நானும் கே.கே. நகர் புது வீட்டுக்கு. தலைவாசலில் நிலை மட்டும். ஆசாரி செல்வம் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நாய் நுழையாமல் குறுக்கே பலகை அடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதைப் பார்த்தபின் கோபம் வரவில்லை.

போனில் அம்மாவிடம் செல்வம்: "காண்ட்ராக்டர் எனக்குக் கூலியே தரலைக்கா. கடைசித் தவணையையும் அவர்கிட்ட குடுத்துட்டீங்கன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்? கூலி வந்தா கதவு வரும்."

ஞாயிறு கிரகப்பிரவேசம். பத்திரிகை கொடுத்தாயிற்று.

ஜூன் 4, புதன்

காண்ட்ராக்டர் புது வீட்டுக்கு வந்தார். "தவணையை என் கையில குடுங்கம்மா. ஆசாரிக்கு நேரா குடுத்தா பாக்கி இருக்கற குழாய் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

இவரிடம் கொடுத்தால் கதவு வராது. செல்வத்திடம் கொடுத்தால் தண்ணீர் வராது. இரண்டு தடவை கொடுக்க வழியில்லை.

"டிகிரி முடிச்ச புள்ள, அவ பேசட்டும்" என்றாள் சித்தி. பஸ்ஸில் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். சொன்னது வணக்கம் சார், அவ்வளவுதான்.

அப்பா லாரியோடு நாசிக்கில். அங்கிருந்து போனில்: "போலீஸுக்குப் போவேன்னு சொல்லு."

அம்மா: "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

ஜூன் 6, வெள்ளி

ஸ்ரீரங்கத்தில் காலை இலை வியாபாரத்தை முடித்துவிட்டு அம்மா நேரே புது வீட்டுக்கு. வேலை செய்தவர்களுக்கு மரியாதை என்று இருவரையும் வரச் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களையும்.

முதல் தட்டு காண்ட்ராக்டருக்கு. வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. எங்கள் பக்கத்தில் வேலையாட்களுக்குத் தட்டு காண்ட்ராக்டர் கையால்தான் போகும். அடுத்தது செல்வத்தின் தட்டு; அதில் வேட்டியின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி, தவணையிலிருந்து எடுத்த ஆசாரி கூலி. இரண்டு கையாலும் பிடித்து காண்ட்ராக்டரிடமே நீட்டினாள்.

"உங்க ஆளு. உங்க கையால குடுங்கண்ணே. நான் குடுத்தா உங்களுக்கு நல்லாருக்காது."

அவர் தட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தார். சிரித்தார்.

"செல்வம், வாய்யா. வாங்கிக்க."

"மிச்சம் குழாயில தண்ணி வந்ததும், உங்க கையிலயே" என்றாள் அம்மா. அவரால் தலையாட்டத்தான் முடிந்தது.

செல்வம் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கதவு வண்டியிலதான்க்கா இருக்கு." பெட்ஷீட் சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

எப்படிப்பட்ட ஆள் அம்மா. ஒருவர் முகமும் வாடவில்லை.

ஜூன் 7, சனி

குழாயில் தண்ணீர். மிச்சத்தையும் கொடுத்தாயிற்று. வாங்க வேண்டியது: மாவிலை, பால், கற்பூரம், அப்பாவுக்குச் சட்டை. கதவைத் திறந்து திறந்து மூடினேன். சத்தமே இல்லை.

வாசலைக் கழுவும்போது அம்மா மெதுவாக: "நேத்து என் கை நடுங்குனதைப் பாத்தியாடி?"

பார்க்கவில்லை. மரியாதைக்காகத்தான் இரண்டு கையாலும் பிடித்தாள் என்று நினைத்திருந்தேன்.