மூன்று பாய்களும் உங்கள் இருமலும்

அன்புள்ள ராத்தா,

இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான்.

நீங்கள் மௌத்தாகி எங்களைவிட்டுப் போன பிறகு உங்கள் ஞாயிறு குர்ஆன் ஓதல் வகுப்பைச் சென்னையிலிருந்து வந்த ஒரு டீச்சர் எடுக்கிறார். நாம் வந்து குடியேறிய இந்த ட்வெய்ட்டாவில் அதே கீழ்த்தளக் கூடம்தான். ஆனால் எல்லோரும் ஒரே பாயில் இருந்து ஒரே குரலில் ஓதிய காலம் போய்விட்டது. எழுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு பாய், கூட்டி வாசிப்பவர்களுக்கு ஒன்று, சூரா ஓதுபவர்களுக்கு ஒன்று.

நம் ஸைனபை எழுத்துப் பாயில் இருத்திவிட்டார், ராத்தா! பார்க்காமலே ஓதுகிறவள், பாலர் வகுப்புக் குஞ்சுகளோடு இருக்கிறாள். சூராப் பாயில் பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகள். நான் "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" என்றால் டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் நாட்டுப் பிள்ளைகளை ஒதுக்குகிறார் என்று உங்களுக்குச் சந்தேகம் வராதா?

போன ஞாயிறு கேட்டேவிட்டேன். "என்ட மகள் பாக்காமலே ஓதுறாள். ஏன் அங்கை இருத்தினீங்கள்?"

"அதாங்க பிரச்சினையே. உட்காந்து பாருங்க."

ஸைனப் கண்ணை மூடி அழகாக ஓதினாள். பாதியில் நிறுத்தி, மெல்ல இருமிவிட்டுத் தொடர்ந்தாள்.

"எப்பவும் இதே இடத்துலதான் இருமுறா. சளியெல்லாம் இல்லீங்க," என்றார் டீச்சர். பிறகு அதே சூராவில் ஒரு சொல்லில் விரலை வைத்தார். பிள்ளை திருதிருவென்று விழித்தாள். வாசிக்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகமுன் நீங்கள் ஓதிப் பதிந்து தந்த கசெட், ராத்தா. படுக்கும்போது தினமும் போடுவோம். உங்கள் இருமலையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறாள்.

"வாசிக்கப் பழகுற வரைக்கும் அந்த கேசட்டை நிறுத்தி வைங்களேன்," என்கிறார். சரியாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆள், மூன்று பாய். அதற்குப் பிறகு அன்று நான் இருந்த நேரமெல்லாம் அவர் சூராப் பாயைவிட்டு எழும்பவில்லை. எழுத்துப் பாய் தன்பாட்டில் நிறம் தீட்டிக்கொண்டிருந்தது. உங்கள் குரலையும் நிறுத்திவிட்டு, அங்கே ஒன்றும் படிக்காமலும் போனால்?

வீட்டுக்கு வரும்போது ரயிலில் ஸைனப் சொல்கிறாள்: "இருமாட்டி அது பெரியும்மாட சூரா இல்லையே, உம்மா."

கசெட்டை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் எழுத்துப் பாயின் ஓரத்தில் நானும் இருப்பேன். டீச்சர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அவள் விரல் வைத்து அந்தச் சூராவை வாசிக்கும் அன்றைக்கே உங்கள் கசெட்டை இறக்கிப் போடுவேன். இது சத்தியம்.

நான் செய்தது சரியா, ராத்தா? கனவிலாவது வந்து கெதியாப் பதில் சொல்லுங்கோ.

உங்கள் தங்கச்சி,
ஸைனபின் உம்மா