ஐஸ் விழும் சத்தம்

ஜூலை 5, புதன்

கோப்பையை ஃப்ரிட்ஜ் கதவில் ஐஸ் கொட்டும் வாயில் வைத்து அழுத்தினேன். இரண்டு துண்டு விழுந்தது. அப்புறம் வெறும் உறுமல்.

அம்மாவுக்கு இப்போது தொண்டையில் இறங்குவது ஐஸ் சில்லு ஒன்றுதான். வேறு எது நின்றிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

ஃப்ரீசரைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அலுமினியத் தாள் சுற்றிய தட்டுகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வேண்டாம், என் வீட்டிலேயே சாகிறேன் என்று சொன்ன சேதி மெதடிஸ்ட் சபைக்கு எட்டியதிலிருந்து, தட்டோடு அடுப்பில் வேகவைத்த கேசரோல் உணவு வந்தபடி இருக்கிறது. மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும், கோழியும் நூடுல்ஸும், மறுபடி மாட்டுக்கறி. தட்டைத் திருப்பித் தர வேண்டுமே என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் பெயர் வேறு. நேற்று சபையிலிருந்து டோரிஸ் பென்னர் வந்தார். ஃப்ரீசரில் இடமில்லை என்றேன். "இடம்னா பண்ணிக்கிறதுதான், கண்ணு" என்று தானே திறந்து தன் தட்டை எங்கோ திணித்துவிட்டு, என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனார்.

அம்மா இருக்கும் அறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சமையலறையோடு சரி.

ஜூலை 6, வியாழன்

பெட்ரோல் பங்கில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக் குளியல் தொட்டியில் பெட்டி வைத்துப் போட்டிருக்கிறேன். கருங்கல் மாதிரி ஒவ்வொன்றும். துணியில் முடிந்து உருட்டுக்கட்டையால் அடிக்க வேண்டியிருக்கிறது. அம்மா வாயில் வைத்ததும் முகம் சுளித்தாள். "பிளாஸ்டிக் நாத்தம்."

கர்ட்டிஸுக்குப் போன் செய்தேன். டென்வரிலிருந்து மே மாதமே வருவதாகச் சொன்னவன், என் அண்ணன். அம்மா உன்னைக் கேட்கிறாள் என்றேன். வேலை என்றான். அம்மாவுக்கு ரொம்ப நாள் இல்லை என்றேன். மறுபடியும் வேலை என்றான். கடைசியில் ஐஸ் மெஷின் நின்றுபோனதைச் சொன்னேன். உடனே குரல் மாறிவிட்டது. தண்ணீர் வருகிறதா, ஃபில்டர் எப்போது மாற்றினாய், என்ன மாடல். சனிக்கிழமை வருகிறானாம்.

எதற்கு வருகிறான்? கேட்காமல் விட்டேன். வருகிறானே.

ஜூலை 8, சனி

வந்துவிட்டான். கருவிப்பெட்டியோடு. வாசலிலிருந்தே "ஹாய் மாம்" என்று அறையைப் பார்த்து ஒரு குரல். நேராகச் சமையலறை.

ஃப்ரிட்ஜை இழுத்து நடு அறையில் போட்டான். செப்புக் குழாயைக் கழற்றினான், ஊதினான், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினான். ஃபில்டரை மாற்றினான். கடைக்கு மூன்று தடவை போனான். எங்கள் ஊர் ஆண்கள் ஹார்ட்வேர் கடைக்குப் போவது கோயிலுக்குப் போவது மாதிரி, யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. ஃப்ரீசரைக் காலி செய்து உள்ளேயும் பாரேன் என்றேன். உள்ளே குளிர் நன்றாக இருக்கிறது, கோளாறு தண்ணீர் வரும் வழியில்தான் என்றான். எனக்கு என்ன தெரியும் என்கிற அந்தப் பார்வை.

அம்மா சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன பண்றான் அவன்?"

ஐஸ் மெஷினைச் சரி பண்றான் என்றேன்.

"அப்படியே அவங்கப்பா. எனக்கு இடுப்பு வலி எடுத்தப்போ அந்த மனுஷன் காருக்கு ஆயில் மாத்திக்கிட்டிருந்தார்." சிரித்தாள், இருமினாள். பிறகு, "கை கழுவினதும் வரச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அம்மா கூப்பிடுகிறாள், பத்து நிமிஷம் உட்கார் என்று. அவன் தரையில் படுத்தபடி, முகத்தைக் காட்டாமல் சொன்னான்: "அங்க உக்காந்து நான் என்னத்த செய்யறது, லீயான்? இதையாவது செய்ய விடு."

கத்தியிருக்கலாம். தரையைத் துடைத்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

வால்வு போய்விட்டதாம். புதியதற்குச் சொல்லியிருக்கிறானாம், அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுவானாம். கிளம்பும்போது அறை வாசலில் நின்றான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம், தூங்கட்டும் என்றான். எவ்வளவு நிம்மதி அவன் முகத்தில்!

சபைக்குப் போகிற வழியில் டோரிஸ் அவன் காரைப் பார்த்தாராம். மாலையில் போன். "அம்மாவுக்காக அவ்வளவு தூரத்துல இருந்து வந்து ரிப்பேர் பண்றானே, குடுத்து வச்சவ உங்கம்மா." நான் பிப்ரவரியிலிருந்து அவளுக்கு உடம்பு துடைத்துவிடுகிறேன். அது கண்ணில் படாது போல.

ஜூலை 11, செவ்வாய்

"ஐஸ் வந்துச்சா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அவன்?" அவனும் இல்லை, சனிக்கிழமை வருவான் என்றேன்.

"கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு, மகன் இருக்கான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 13, வியாழன்

விடியும்போது. நான் மட்டும் இருந்தேன். உதட்டில் வைத்த சில்லு கரையாமல் அப்படியே இருந்தது.

ஜூலை 17, திங்கள்

அடக்கம் முடிந்தது. சபையின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச், வண்ண வண்ண ஜெல்லி. கர்ட்டிஸைச் சுற்றி ஒரே கூட்டம். கடைசி வாரம் அம்மாவுக்காக ஐஸ் மெஷினோடு மல்லுக்கட்டிய கதையை டோரிஸ்தான் ஊருக்கே சொல்லியிருக்கிறார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். யாரோ என் கையில் இன்னொரு கேசரோலைக் கொடுத்தார்கள்.

ஜூலை 18, செவ்வாய்

காலையில் வால்வை மாட்டினான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஐஸ் உறைந்து விழ ஒரு நாள் ஆகும், பொறுத்திருந்து பார் என்றான். கிளம்பிப் போய்விட்டான்.

ஜூலை 19, புதன்

பொறுத்திருந்து பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

தட்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று ஃப்ரீசரைக் காலி செய்தேன். கடைசியாக டோரிஸின் தட்டு. ஐஸ் விழும் பெட்டியின் தலைமேலேயே செருகி வைத்திருக்கிறார். இழுத்ததும் ஒரு மெல்லிய கம்பி டக்கென்று கீழே இறங்கியது.

எல்லா வீட்டு மெஷினிலும் உள்ள கம்பிதான். பெட்டி நிறைந்தால் ஐஸ் அதை மேலே தள்ளும். மெஷின் போதும் என்று நின்றுவிடும். இங்கே ஐஸுக்குப் பதில் கேசரோல் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது.

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பழைய வால்விலும் கோளாறே இருந்திருக்காது. அவன் ஃப்ரீசரைக் காலி செய்திருந்தால்... நான் செய்திருந்தால்...

மத்தியானம் முதல் ஐஸ் விழுந்தது. அறையிலிருந்து அம்மா "அதோ" என்று சொல்வாள் என்று ஒரு கணம் நின்றேன்.

ஜூலை 20, வியாழன்

தட்டுகளைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டோரிஸ் ருசி எப்படி என்று கேட்டார். வாயில் வைக்காமலே குப்பைக்குப் போனதைச் சொல்லவில்லை. கம்பியையும்தான்.

ஜூலை 22, சனி

கர்ட்டிஸ் போன் செய்தான். வேலை செய்கிறதா என்றான்.

அவனுக்காக மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன் – தட்டு, கம்பி, உன் மூன்று தடவை கடை, எல்லாம். வாய் திறந்தேன். செய்கிறது, வால்வுதான் என்று வந்தது.

"சத்தம் கேக்கணும் போல இருக்கு" என்றான். போனை ஃப்ரீசரிடம் கொண்டுபோய்ப் பிடித்தேன். ஐஸ் விழுந்தது. மூக்கை உறிஞ்சினான்.

"அன்னிக்கு... நான் கிளம்பினதுக்கு அப்புறம், மாம் என்னைக் கேட்டாங்களா?"

வால்வு பொய் சுலபமாக வந்தது. 'இல்லை' என்கிற பொய் வரவில்லை.

"கேட்டாங்க" என்றேன். "கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க."