மூன்று துண்டு போதும் என்றவளுக்கு

கீழ்வீட்டில் கொள்ளு வேகிறது. அந்த வாசனை மாடிப்படி ஏறி, தூங்கும் குழந்தையைத் தாண்டி என் மேஜைக்கு வந்தபோது, பக்கத்தில் நீ டிபன் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. நீ போன பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன், திட்டாதே.

மண்டி மொஹல்லா கடைத்தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே நம் அலுவலகம். கீழே சரக்கு ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிரசவ கிளினிக்கின் வெப்சைட்டைச் செய்துகொண்டிருந்தோம். எனக்கு ஃப்ரேம்வொர்க் என்றால் உயிர். பொத்தான், படிவம், கட்டம், மெனு என்று யாரோ முன்பே எழுதிச் சோதித்து வைத்த சிஎஸ்எஸ், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் வரிகளின் துண்டுகள். பெயரைக் குறிப்பிட்டால் போதும், அதற்குரிய தோற்றத்தோடு வந்து நின்றுவிடும். ஃபோனிலும் குலையாது. எதையாவது தப்பாகச் செய்துவிடுவோமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டே இருக்கிற எனக்கு அது பெரிய ஆறுதல். உனக்கோ ஆகவே ஆகாது. ஒவ்வொரு வரியையும் நீயே எழுதினால்தான் மனசு ஆறும்.

"உன்ற சைட்டெல்லாம் யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரியே இருக்குது. யாரு எவுருன்னே தெரியல" என்பாய்.

"இருக்கட்டும் விடு. யூனிஃபார்ம் போட்டா சீக்கிரம் கிளம்பலாமில்ல?" என்பேன் நான்.

ஒரு சனிக்கிழமை கொள்ளேகால் பஸ் பிடித்து உங்கள் ராமாபுரத்து வீட்டுக்குப் போனாய். போன கையோடு உன் அப்பாவின் பழைய ஃபோனில் நம் சைட்டைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"ஏனுங்க மேடம், உங்க கிளினிக்கு இன்னும் வந்துட்டே இருக்குதுங்க. எங்கய்யன் காப்பித்தண்ணி குடிச்சே முடிச்சுட்டாரு. மாசமா இருக்கறவ இத்தன நேரம் காத்திருந்தா, அப்பாயின்ட்மென்ட் கெடைக்கறதுக்குள்ள பெத்தே போடுவா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நானே மாசமாக இருந்தேன்.

நீ திரும்பி வந்ததும் ஃப்ரேம்வொர்க்கைப் பிரித்துப் பார்த்தோம். நகரும் படங்கள், எகிறிக் குதிக்கும் பெட்டிகள், நாம் தொடவே தொடாத இன்னும் எத்தனையோ, எல்லாம் உன் அப்பாவின் ஃபோனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. "மூணு துண்டு போதும் புள்ள. கட்டம், படிவம், பொத்தான். மிச்சத்தக் கழட்டிப் போடு" என்றாய். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஃப்ரேம்வொர்க்கின் அருமையே. அதைத் திட்டிக்கொண்டே இருந்த உன்னிடமிருந்துதான் எனக்கு அது புரிந்தது. அடுத்த முறை உன் அப்பா டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் பக்கம் வந்துவிட்டதாம்.

பிறகு நான் பிரசவ விடுப்பில் போனேன். திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா என்று கேட்டபோது முதலாளி மெதுவாகத்தான் சொன்னார். "கைக்குழந்தைய வச்சிட்டு ஆகுமாம்மா? அப்பாயின்ட்மென்ட் பக்கத்த இந்த வாரம் முடிச்சுக் காட்டுங்க. வேலையில தொடர்றதப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்தப் பக்கத்தை நான் இல்லாத நாள்களில் நீ கையாலேயே எழுதத் தொடங்கியிருந்தாய். அதில் வைத்திருந்த காலண்டரைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாய். தேதிகள் வளையல் அடுக்கிய மாதிரி இருந்தன. அத்தனை அழகு. ஆனால் நீ எழுதுவது உனக்கு மட்டுமே விளங்கும். தூக்கம் கெட்ட என் தலையில் அது ஏறாது. வேலை போனது போனதுதான் என்று நினைத்தபடி ஃபைலைத் திறந்தேன்.

உள்ளே எல்லாம் எனக்குத் தெரிந்த ஃப்ரேம்வொர்க் பெயர்கள். அதே கட்டம், அதே படிவம், அதே பொத்தான். காலண்டர் வெகு சாதாரணமாக இருந்தது. உடனே உன்னை அழைத்தேன்.

"அந்தக் காலண்டர் எங்கடி?"

"எடுத்துப் போட்டுட்டன்."

"ஐயோ, ஏண்டி! எவ்வளவு நல்லா இருந்தது!"

"நல்லா இருந்து என்ன பண்றது? எனக்கு மட்டுந்தான வெளங்குது. உன்ற புள்ளைக்குச் சளி புடிச்சா பாதியில நான் எடுக்கோணும். எனக்கு ஏதாச்சும்னா நீ எடுக்கோணும். யூனிஃபார்மே இருந்துட்டுப் போகட்டும், போ."

நீ சொல்லி வைத்தாற்போல அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல். படிவத்தைப் பாதியில் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். நான் வீடு திரும்புவதற்குள், என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் மீதியை முடித்து வைத்திருந்தாய். என் வேலை பிழைத்தது.

உன் ஆஸ்பத்திரி நடை அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாது. சொன்னால் நான் பயந்து சாவேன் என்று மறைத்திருப்பாய். நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் மற்ற பக்கங்களையும் நான்தான் எடுத்தேன். அழுதுகொண்டே திறந்தேன். ஆனால் எங்கே விட்டிருக்கிறாய் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

நம் சண்டையில் உன் பக்கமும் நியாயம் உண்டு. போன மாதம் ஃப்ரேம்வொர்க்கின் புதிய பதிப்பை ஏற்றினோம். பாதிப் பெயர்களை மாற்றிவிட்டிருக்கிறார்கள். பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. யாரோ எங்கோ எடுக்கும் முடிவுக்கு நாம் இங்கே முழிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் சரிசெய்துவிட்டேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வெறும் சிஎஸ்எஸ்ஸும் கொஞ்சம் கைக்கு வந்திருக்கிறது.

உள்ளே குழந்தை எழுந்து அழுகிறாள். "நான் பாத்துக்கறேன், நீ முடி" என்று கணவர் எழுந்து போகிறார். முன்பென்றால் நானும் பின்னாலேயே போய், தலையைப் பிடி, பால் சூடா பார் என்று நின்றிருப்பேன். என் கையை விட்டுப் போனால் எல்லாம் குலைந்துவிடும் என்று நம்பியவள். பாதியில் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்ற நிம்மதியை, உன் அழகான காலண்டரை அழித்துத்தானே எனக்குத் தந்தாய்.

அழுகை நின்றுவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.