திங்கட்கிழமை உரிகிற சந்தோஷம்

மார்ச் 3, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சொன்னது மறக்காது. நடுவில் அழகுபடுத்தினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று சபையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். மனசு நிறைந்திருந்தது. போதகர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞானஸ்நானம் எடுத்ததுக்கப்புறம் உங்க முகமே மாறிடுச்சு ஐயா. வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க. நிலையான சந்தோஷம் கெடைச்சதைப் பத்தி." தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பல் விளக்கும்போதே இல்லை.

மார்ச் 6, புதன்

எரிச்சல். நிலையானது என்றார்களே, எங்கே? வாராவாரம் இதே கதை. ஞாயிறு பளபளப்பு, திங்கள் உரிந்துவிடுகிறது. ஆயுசெல்லாம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். அடியில் ஈரம் இருந்தால்தான் இப்படி உரியும். என்ன ஈரம்?

மருமகள் எழுதுவதை நிறுத்தினாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. ஜெபத்துல மத்தவங்களை மன்னிக்கிற எடம் வந்தா மட்டும் ஏன் வாயை மூடிக்கிறீங்க?"

கவனித்திருக்கிறாள்!

"பொய் சொல்லக் கூடாதுன்னு மூடிக்கிறேன். நீ எழுது."

மார்ச் 7, வியாழன்

மன்னிக்க முடியாதது தம்பியைத்தான். வேறு யாரை? ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். என் மனைவி சோறு போட்டு வளர்த்த பையன். அவளை அடக்கம் பண்ணின அன்று வரவில்லை. போனில் "வேலை இருக்குண்ணே" என்றான். வேலையாம்! அந்தக் குரல், பின்னாடி ஓடின ரேடியோ, எல்லாம் இன்னும் காதுல இருக்கு. மறக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்றது? ஆண்டவரே, மன்னித்த பாவத்தை நீர் மறந்துவிடுவீராம். எனக்கு அந்த வித்தை வரலையே.

மார்ச் 8, வெள்ளி

சாட்சி சொல்ல முடியாது என்று போதகருக்குப் போன் போட்டேன். "ரெண்டு வார்த்தை போதும் ஐயா" என்கிறார். அந்த ரெண்டும் பொய்யா இருக்குமே! வைத்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

தம்பி வீட்டுக்குப் போனேன். மன்னிக்க இல்லை. நறுக்கென்று நாலு கேள்வி கேட்க.

கதவைத் திறந்தான். நடுங்குகிற கையில் பிரஷ். தன் அறையைத் தானே அடித்துக்கொண்டிருக்கிறான். சுவரெல்லாம் கோடு கோடு.

"ஏன்டா அன்னிக்கு வரல?" வாசலிலேயே கேட்டேன்.

"அண்ணியைப் பெட்டியில பாக்க எனக்குத் தைரியம் இல்லண்ணே."

"எனக்கு மட்டும் இருந்துச்சாடா?"

பெயிண்ட் அவன் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் பிரஷை வாங்கினேன்.

"ஈரச் சுவத்துல சுரண்டாம அடிச்சிருக்கியே, அறிவிருக்கா? தகட்டை எடு."

பொழுது சாயும் வரை ரெண்டு பேரும் சுரண்டினோம். வேறு பேச்சில்லை.

மார்ச் 10, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. தம்பி வீட்டில்தான். சாப்பிட உட்கார்ந்ததும், "சபைக்குப் போறியாமே, ஏதாவது ஜெபம் சொல்லேன்" என்றான். சொன்னேன். மன்னிக்கிற இடத்திலும் வாயை மூடவில்லை.

மார்ச் 13, புதன்

முதல் கோட் காய்ந்துவிட்டது. "ஓரம் கோணலா இருக்குண்ணே" என்கிறான். கை நடுங்குகிறவன் எனக்குச் சொல்கிறான்! எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ஆனால் காலையில் பல் விளக்கும்போது அந்தச் சந்தோஷம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கிழமையைச் சரியா எழுதியிருக்கியான்னு மருமகளைக் கேட்டேன்.

"புதன் மாமா."

இன்னொரு தடவை படி என்றேன்.