நினைவாற்றல் வகுப்பு

9-6-97, திங்கள்
இன்று முதல் நான் பகல்நேர மாணவன். முதியோர் கல்வி, நலவாழ்வு மையம். காலை பத்து முதல் மாலை நான்கு வரை. சரஸ்வதிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் விடுமுறை. சேர்த்துவிட்டவன் என் மகன் சுதர்ஷன். "வீட்ல தனியா என்னப்பா பண்றீங்க?" என்றான். படிக்கிறேன் என்றேன். அதை அவன் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

11-6-97
மூச்சுப் பயிற்சி. ரத்த அழுத்தம் பற்றி ஓர் உரை. பிறகு சிரிப்பு வகுப்பு: கைகளை உயர்த்திச் சிரிக்க வேண்டும். எதைப் பார்த்து என்று கேட்டேன். "ஸும்னே நகி, சார்" என்றார்கள் கன்னடத்தில். சும்மா சிரிக்க வேண்டுமாம். ரயில்வே கணக்குப் பிரிவில் காரணம் இருந்தும் சிரிக்காமல் ஓய்வு பெற்றவன் நான்.

19-6-97
நினைவாற்றல் வகுப்பு. டாக்டர் நிகில் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டுக் குழு பிரிக்கிறார்.

"அங்கிள், இது என்ன இடம்?"

"கல்யாண மண்டபம். நான் பொண்ணு வீடா பிள்ளை வீடான்னு இன்னும் யாரும் சொல்லலை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"பென்ஷன்காரனுக்கு எல்லாமே ஞாயித்துக்கிழமைதான்."

"நம்ம பிரதமர் யாரு?"

"சாயங்காலச் செய்தி கேட்டுட்டுச் சொல்றேனே."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான். வேடிக்கை பேசுகிறவன் தானே சிரிப்பது அநாகரிகம் என்பது என் கொள்கை. குறித்துக்கொண்டார்.

20-6-97
மணி கோக்கும் குழுவில் போட்டுவிட்டார்கள்.

21-6-97
சுதர்ஷனை வரவழைத்துப் பேசியிருக்கிறார் டாக்டர். மறதி நோயின் தொடக்கமாம். தனியே வெளியில் விடக்கூடாது. மனத்தைக் கலக்கும் செய்தி எதையும் சொல்லக்கூடாது.

"வேடிக்கைக்குச் சொன்னதுடா" என்றேன்.

மருமகள் பிரதிபா மிக மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல், "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்களாம், மாமா" என்றாள்.

3-7-97
மாதம் ஒரு முறை கொள்ளேகாலுக்கு பஸ் ஏறி கனகலக்ஷ்மி அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். என் பேச்சுக்கு வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே ஜீவன். இப்போது அவளுக்கு உடம்பு சரியில்லை. இன்று சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன் — வாசற்கதவு பூட்டியிருந்தது. சாவி பிரதிபாவிடம்.

கத்திவிட்டேன். என்னடா இது, பூட்டி வைக்கிற அளவுக்கு என்ன பண்ணிட்டேன்? மூணு ஜோக் சொன்னேன். அவ்வளவுதானே?

கத்துவதும் அறிகுறியாம். அடுத்த ஞாயிறு தானே அழைத்துப்போவதாகச் சொன்னான் சுதர்ஷன்.

14-7-97
அந்த ஞாயிறு வரவில்லை. ஆகவே டாக்டரிடம் மறுபடி சோதிக்கச் சொல்லி, ஒழுங்காகப் பதில் சொன்னேன். கிழமை, இடம், பிரதமர், முந்தைய பிரதமர். "இன்னிக்கு அங்கிளுக்கு நல்ல நாள்" என்றார் சுதர்ஷனிடம். இடையிடையே நல்ல நாட்கள் வருவதும் இந்த நோயின் இயல்பாம்.

பைத்தியக்காரனுக்குக்கூட இதைவிட வசதி உண்டு: தெளிந்தால் தெளிந்துவிட்டது என்றாவது ஒப்புக்கொள்வார்கள்.

22-7-97
மணி கோத்தேன்.

6-8-97
எங்கள் குழுவின் பழனாத்தாள் இன்றுதான் திரும்பி வந்தாள். கொள்ளேகால்காரி, மகள் வீடு அக்காவின் தெருவில். அங்கே போயிருந்தாளாம்.

"ஏனுங்க, கூடப் பொறந்தவங்க, கடைசியா மொகம் பாக்கக்கூட நீங்க வரலீங்களே? உங்க பையன் மட்டுமில்ல வந்து நின்னாரு."

"யாருக்கு என்ன?"

மணி கோத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. "அய்யோ சாமி... உங்களுக்குச் சொல்லவே இல்லீங்களா?"

அக்கா. போன வாரம். ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போகிறேன் என்று சுதர்ஷன் கிளம்பிய அன்று.

எழுத வரவில்லை.

7-8-97
காலையில் காபி குடிக்கும்போது கேட்டேன். "அக்கா எப்படிடா இருக்கா?"

பிரதிபா எழுந்து சமையலறைக்குப் போனாள். சுதர்ஷன் பேப்பரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"அத்தை நல்லா இருக்காங்கப்பா. போன வாரம்கூட ஃபோன்ல பேசினீங்களே, மறந்துட்டீங்களா?"

அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை, நான் வளர்த்தது.

"ஆமாம்டா, மறந்துட்டேன்" என்றேன்.

இந்த இரண்டு மாதத்தில் நான் சொன்னதில் அவன் உடனே நம்பியது அது ஒன்றைத்தான்.